பன்னிரண்டு வாரம் தாண்டிய இடுப்பு வலி

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

இடுப்பு வலியோடு என்னிடம் வருபவர்களில் பலர், நாற்காலியில் உட்காரும் முன்பே பையிலிருந்து எம்.ஆர்.ஐ. படத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார்கள். "டிஸ்க் தேய்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறது டாக்டர், இனிமேல் வாழ்நாள் முழுக்க இப்படித்தானா?" என்று, முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் அந்த வட்டைப் பற்றி அவர்கள் கேட்கும்போது, வலியைவிட அந்த ஒரு வரிதான் அவர்களை அதிகம் முடக்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இடுப்பில் வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களை மட்டும் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015இல் வெளிவந்தது. அதன்படி, இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பதைப் போல முதுகெலும்பும் வயதைக் காட்டுகிறது. அந்தத் தேய்மானம் ஒன்றை மட்டும் வைத்து வலிக்குக் காரணம் சொல்லிவிட முடியாது.

எலும்பு முறிவு, கட்டி, காசநோய், நரம்பு நசுங்கல் போன்ற தனிக்காரணம் எதுவும் இல்லை என்று மருத்துவர் பரிசோதித்து உறுதிசெய்த பிறகும் பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலியையும், உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் சீன மருத்துவ முறையான அக்குபங்சர் அதற்கு எந்த அளவுக்கு உதவும் என்பதையும் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. நம் ஊரில் தையல் எந்திரத்தின் முன் குனிந்தே உட்கார்ந்திருப்பவர்களும், பேருந்து ஓட்டுநர்களும், நாற்று நடும் பெண்களும் அந்தக் கணக்கில் அடங்குவார்கள். இவர்களில் பெரும்பாலோர் முதலில் தைலம் தடவிப் பார்க்கிறார்கள். பிறகு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். அதன் பிறகு இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொள்கிறார்கள். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நெடுநாள் தொடரும் வலி மாத்திரை இரைப்பையில் புண்ணை உண்டாக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். பெல்ட்டைப் பொறுத்தவரை, உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு இடுப்புப் பட்டையையும் எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அதே வழிகாட்டுதல், உடற்பயிற்சி, நோயைப் பற்றிய சரியான விளக்கம், மனநலச் சிகிச்சை ஆகியவற்றோடு சேர்த்து, அக்குபங்சர் போன்ற ஊசிச் சிகிச்சைகளையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சான்றுகளின் உறுதி குறைவு என்பதால் நிபந்தனையோடுதான் அதைப் பரிந்துரைக்கிறது என்பதையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஊசி என்றதும் மருந்து ஏற்றும் ஊசி நினைவுக்கு வருவது இயல்பே. அக்குபங்சர் ஊசியில் துளை கிடையாது, அதன் வழியே மருந்து எதுவும் போவதில்லை. பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் பருமனே உள்ள மெல்லிய எஃகுக் கம்பி அது. இடுப்பு வலிக்கு வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் புள்ளிகளுள் ஒன்று, இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புக்கு இருபுறமும், நோயாளியின் கட்டைவிரல் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி அமைந்திருக்கிறது. இன்னொன்று, வலிக்கும் இடத்திலிருந்து வெகு தொலைவில், முழங்காலின் பின்பக்க மடிப்பின் நடுவில் இருக்கிறது. இடுப்புக்கும் முதுகுக்கும் அந்தப் புள்ளியையே நாடு என்பது சீன மருத்துவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் பாடம். ஊசி உரிய ஆழத்தைத் தொடும்போது கூர்மையான வலி இருக்காது. அந்த இடம் கனப்பது போலவும், லேசாக மரத்துப்போவது போலவும் ஓர் உணர்வு பரவும். இருபது முப்பது நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். அந்தத் தூண்டல் நரம்பு வழியே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போய், உடல் தானே சுரக்கும் எண்டார்பின் போன்ற வலியடக்கிகளை வெளிவரச் செய்கிறது என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை சோதிக்கப்பட்ட ஒரு விளக்கம்.

இப்போது அமெரிக்காவில் 2020 ஜனவரியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவைச் சொல்கிறேன், ஏனென்றால் இன்று உங்களிடம் நான் சொல்ல வந்ததன் மையம் அதில்தான் இருக்கிறது. அபின் வகை வலி மாத்திரைகளுக்கு லட்சக்கணக்கானோர் அடிமையாகி, அதனால் ஏராளமானோர் உயிரிழந்த நிலையில், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், நாள்பட்ட இடுப்பு வலிக்கான அக்குபங்சர் செலவை ஏற்க முன்வந்தது. 90 நாட்களுக்குள் 12 முறை வரை சிகிச்சை பெறலாம். முன்னேற்றம் தெரிந்தால் மட்டுமே மேலும் 8 முறை நீட்டிக்கலாம். ஓராண்டில் 20 முறைக்கு மேல் கிடையாது. முன்னேற்றம் இல்லையென்றால், அல்லது நிலைமை மோசமானால், சிகிச்சையை நிறுத்திவிட வேண்டும். காப்பீட்டுக்காக எழுதப்பட்ட விதிதான் இது என்றாலும், நோயாளியின் கையில் இருக்க வேண்டிய அளவுகோலாகவே நான் இதைப் பார்க்கிறேன். எத்தனை முறை, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. முடிவே சொல்லாமல் மாதக்கணக்கில் வரச் சொல்லும் எந்த இடத்திலும் இந்த மூன்றையும் நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

இது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு ஜெர்மனியில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, சற்றுச் சிக்கலான ஒரு பதிலைத் தந்தது. 2007இல் முடிவு வெளியான அந்த ஆய்வில் 1,162 பேர் பங்கேற்றனர். அவர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் பிரிவினருக்கு முறையான அக்குபங்சர். இரண்டாம் பிரிவினருக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி அக்குபங்சர். மூன்றாம் பிரிவினருக்கு மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி ஆகியவை அடங்கிய வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முதல் பிரிவில் 47.6 விழுக்காட்டினரும், போலி ஊசி பெற்றவர்களில் 44.2 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க நலம் பெற்றிருந்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடும்போது ஊசி தெளிவாக முந்துகிறது. ஆனால் புள்ளியைச் சரியாகப் பிடிப்பதற்கும் பிடிக்காததற்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. இது போன்ற முடிவுகளாலேயே, எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் தேசிய நிறுவனம், 2009இல் இடுப்பு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்துவிட்டு, 2016இல் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. போலி ஊசியும் தோலையும் நரம்பையும் தூண்டத்தான் செய்கிறது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். கவனிப்பும் எதிர்பார்ப்புமே பலனைத் தருகின்றன என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். என் கருத்து, இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதுதான். 65 வயதைக் கடந்த 800 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2025இல் வெளியான ஆய்விலும், வழக்கமான சிகிச்சையோடு அக்குபங்சரும் பெற்றவர்களுக்கு அன்றாட வேலைகளில் உள்ள இயலாமை ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் கூடுதலாகக் குறைந்திருந்தது. அந்த முன்னேற்றம் நடுத்தரமானதே. நான்கு வருட வலி நான்கு நாளில் பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் நாட்டில் மத்திய நல்வாழ்வுத் துறை 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் ஐந்தரை ஆண்டு யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. அதே சமயம், ஊசியே வேண்டாம், விரலால் ஒரு புள்ளியைத் தொட்டாலே போதும் என்றும், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளையெல்லாம் நிறுத்திவிடுங்கள் என்றும் சொல்பவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். நான் இதுவரை குறிப்பிட்ட ஆய்வுகள் ஊசியைக் கொண்டு நடத்தப்பட்டவை. அவற்றின் முடிவு விரல் தொடுதலுக்குச் சேராது. இடுப்பு வலிக்காகப் போன இடத்தில் இன்சுலினை நிறுத்தச் சொன்னால், உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தளர்ந்து தொங்குவது, காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அக்குபங்சருக்கு வர வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெறும் வயிற்றோடு வராதீர்கள், சிலருக்கு மயக்கம் வரும். உங்கள் கண் முன்னே புதிய உறையைப் பிரித்து ஊசியை எடுக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

என்னிடம் வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு ஆறாவது முறையில் வலி பத்துக்கு ஏழிலிருந்து நான்காகக் குறைந்தது. அந்த நான்கை வைத்துக்கொண்டு அன்றே அவரைக் காலையில் அரைமணி நேரம் நடக்கவும், இடுப்புத் தசைகளுக்கான பயிற்சியைச் செய்யவும் தொடங்க வைத்தோம். பன்னிரண்டாவது முறையோடு ஊசியை நிறுத்தினோம், நடை மட்டும் தொடர்கிறது. அதே மாதத்தில் வந்த இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஆறு முறைக்குப் பிறகும் எந்த மாற்றமும் இல்லை. அங்கேயே நிறுத்திவிட்டு மீண்டும் விசாரித்தபோது, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் முதுகு விறைத்திருப்பதாகவும், நடமாடினால் சரியாவதாகவும் சொன்னார். முதல் நாளே அதை நான் கேட்டிருக்க வேண்டும். மூட்டு வாத மருத்துவரிடம் அனுப்பினோம். முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி இருப்பது தெரியவந்து, இப்போது அதற்குரிய மருந்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், செவிமடுத்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.