மன்னார்க் கரைக்கு வந்த வெள்ளை மணிகள்

[காட்சி: மன்னார்க் கடற்கரை, காலை நேரம். ஒரு கை மணலை அள்ளுகிறது. விரல் இடுக்கில் வெள்ளை மணிகள்.]

வணக்கம். இந்தக் கையில் இருப்பதைப் பார்த்தால் சவ்வரிசி மாதிரி இருக்கும். ஆனால் இது பிளாஸ்ரிக். வாளி, கதிரை, சொப்பிங் பை எல்லாம் இந்த மணியை உருக்கித்தான் செய்கிறார்கள். 2025 ஜூனில் இது மன்னார்க் கரையில் ஒதுங்கியபோது ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, இது என்ன விதை? முளைக்குமோ?"

முளைக்காது ஐயா, உக்கவும் உக்காது என்று சொன்னேன். அவர் கையைத் தட்டிவிட்டு வலை பொத்தப் போய்விட்டார். எனக்கு அந்தக் கேள்வி மறக்கவில்லை. இந்த வீடியோவே அதற்கான பதில்தான்.

[காட்சி: வரைபடம். கொச்சியிலிருந்து கன்னியாகுமரியைச் சுற்றி மன்னார் வரை ஒரு கோடு.]

2025 மே 25. கேரளாவின் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் சரிந்து மூழ்கியது. அதில் 640 கொள்கலன்கள் இருந்தன. சிலவற்றில் இந்த மணிகள். சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, பிடித்துவிட்ட காலம் அது. மணி தண்ணீரைவிட இலேசானது, மிதக்கும். காற்றும் நீரோட்டமும் அதைக் கன்னியாகுமரியைச் சுற்றிக் கொண்டுவந்து, தனுஷ்கோடியிலும் போட்டன, எங்கள் பக்கத்திலும் போட்டன. கடலில் கோடு கிழித்து வைத்திருக்கிறோம். மணிக்கு அது தெரியுமா?

மீன் இதை முட்டை என்று நினைத்து விழுங்கும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. அதோடு, கடலில் கரைந்திருக்கும் எண்ணெய்க் கழிவையும் பூச்சிமருந்தையும் இந்த மணி தன் மேல் இழுத்து வைத்துக்கொள்ளும். கரையில் பொறுக்கி எடுப்பதென்றால் மணலைச் சல்லடை போட்டு அரிக்க வேண்டும். ஒரு அலை வந்தால் திரும்பவும் முதலிலிருந்து.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. 2021 மே 20இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது நினைவிருக்கும். 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள். உலகத்தில் ஒரு கப்பலிலிருந்து இவ்வளவு மணி கடலில் கொட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு பொறுக்காதது அதற்கு முந்திய கதை. அமிலக் கொள்கலன் ஒழுகுவது கப்பலில் இருந்தவர்களுக்கு முன்பே தெரியும். இறக்கிவைக்க இடம் கேட்டார்கள். கட்டாரின் ஹமாத் துறைமுகம் முடியாது என்றது. குஜராத்தின் ஹசீராவும் முடியாது என்றது. ஒழுகிக்கொண்டே கொழும்புக்கு வந்தது. கடைசியில் கரையொதுங்கியவை செத்த ஆமைகள். 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது.

சரி, யாரைப் பிடிப்பது? இங்கேதான் கடல் சட்டத்தின் பெரிய ஓட்டை இருக்கிறது. எல்சா 3 லைபீரியாக் கொடியில் ஓடிய கப்பல், அதாவது அங்கே பதிந்த கப்பல். லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள்: சுமக்கும் அளவை வைத்துப் பார்த்தால், உலகக் கப்பல்களில் ஆகப் பெரிய பங்கு பதிந்திருப்பது இந்த நாடுகளில்தான். முதலாளி ஒரு நாட்டில், மாலுமிகள் வேறு நாடுகளில், கொடி இன்னொரு நாட்டில். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த உடன்படிக்கையை எழுதிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, 1980இல் வேலை முடியுமுன்பே இறந்துபோனவர் இலங்கையரான ஷெர்லி அமரசிங்க. உண்மையான தொடர்பு வேண்டும் என்ற அந்த வரி இன்றைக்கும் பெரும்பாலும் எழுத்தில்தான் இருக்கிறது.

[காட்சி: செங்கடல் வரைபடம்.]

இந்த ஓட்டைக்குள் போரும் புகுந்தால் என்ன நடக்கும்? 2024 பெப்ரவரியில் செங்கடலில் ரூபிமார் என்ற கப்பலை யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஏவுகணையால் அடித்தார்கள். அது உடனே தாழவில்லை. எண்ணெய் படர, நாள்கணக்கில் மிதந்து, மார்ச் 2இல் மூழ்கியது. உள்ளே சுமார் 21,000 தொன் உரம். வன்னியில் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வயலுக்குப் போட்ட உரம் மழையோடு குளத்துக்கு இறங்கினால் தண்ணீர் பச்சையாகிப் பாசி பிடித்து, மீன் மூச்சுவிட முடியாமல் மிதக்கும். பவளப்பாறைக் கடலிலும் அதே பயம்தான். ஏவுகணை பாதுகாப்புப் பிரச்சினை, உரம் சுற்றுச்சூழல் பிரச்சினை என்று அலுவலகத்தில் இரண்டு கோப்பு போடலாம். கடலுக்குள் அது ஒரே கப்பல்.

[காட்சி: பாக்கு நீரிணை, இரவு. தூரத்தில் வரிசையாக விளக்குகள்.]

இப்போது எங்கள் வீட்டு வாசலுக்கு வருவோம். பாக்குக் கடல் ஆழமில்லாத கடல். பல இடங்களில் வெயில் அடித்தளம் வரை போகும், அதனால்தான் அங்கே கடற்புல் வளர்கிறது. அந்தப் புல்லில்தான் இறாலும் சிறு மீனும் பிழைக்கின்றன, ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிறது. அந்தப் புல்லை அழிப்பது இழுவைமடி என்ற இழுவை வலை. அது வேலை செய்யும் விதம் இதுதான்: வலையின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனமான பலகைகள், கீழ்விளிம்பில் சங்கிலி. அதை அடித்தளத்தோடு உரசி இழுக்கிறார்கள். புல்லும் போகும், குஞ்சும் போகும், வழியில் எங்கள் ஆட்கள் விட்ட வலையும் போகும். ஒரு வலைத் தொகுதி போனால் அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் கடன்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லைக்கோடு 1974, 1976 ஒப்பந்தங்களில் போடப்பட்டது. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டமாகவே தடை செய்தது. போர்க்காலத்தில் எங்கள் ஆட்கள் கடலில் இறங்க முடியாமல் இருந்த வருடங்களில் இந்தியப் பக்கத்து றோலர்கள், அதாவது இழுவைமடிப் படகுகள், பெருகின. திரும்பி இறங்கியபோது கடலில் இடம் இல்லை. எல்லை தாண்டும் றோலர்களை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது, சிறை, வழக்கு, படகு பறிமுதல், சில வேளை உயிரே போகிறது. றோலரில் நிற்கிறவரும் எங்கள் மொழி பேசும் கூலித் தொழிலாளிதான், படகு முதலாளி கரையில் இருப்பார். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மைதான் சொல்கிறேன். அதே போல, எங்கள் கரையிலேயே வெளிச்சம் பாய்ச்சியும் டைனமைற் போட்டும் பிடிக்கிறவர்களை விட்டுவிட்டு எல்லைக்கு அப்பால் மட்டும் கை காட்டவும் எனக்கு மனமில்லை. 2018 ஓகஸ்டில் முல்லைத்தீவு மீனவர்கள் நாள்கணக்கில் போராடியது அதற்காகத்தான்.

அப்புறம் சூடு. புவியில் மிஞ்சும் வெப்பத்தில் 90 வீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. சூடேறிய கடல் புயலுக்குத் தீனி. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 200 கடல்மைலுக்கு அப்பாலுள்ள ஆழ்கடலின் உயிர்வளத்தைக் காக்கும் உடன்படிக்கை 2026 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பாக்குக் கடலில் 200 மைல் ஏது? எங்கள் சண்டைக்கு அது மருந்தில்லை. அதை இரண்டு கரையும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

[காட்சி: அதே கை. மணிகளை ஒரு போத்தலில் போட்டு, மூடியில் திகதி எழுதுகிறது.]

கடைசியாக ஒரு வேலை. இழப்பீட்டு வழக்கில் நிற்பது ஆதாரம்தான். அதனால் மணி ஒதுங்கினால் வெறுங்கையால் அள்ளாதீர்கள், கையுறை போடுங்கள். இடமும் நாளும் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். கிழிந்த வலையையும் அப்படியே எடுங்கள். ஒரு பிரதியை மீனவர் சங்கத்தில் கொடுத்து வையுங்கள், ஒன்றை வீட்டிலும் வையுங்கள்.