பென்ஷனை நம்பி ஊர் மாறும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் வாடகை கட்டி மாளவில்லை, திருச்சிப் பக்கம் போய்விடலாமா என்று கேட்கிற பி.எஃப். பென்ஷன்காரர்கள், அதாவது கம்பெனி வேலையில் இருந்து வருங்கால வைப்பு நிதி வழியாகப் பென்ஷன் வாங்குகிறவர்கள், நிறையப் பேர். நானும் அந்தப் பென்ஷனில் சென்னையை விட்டு திருச்சி உறையூருக்கு வந்தவன்தான். போகலாம் என்றே சொல்வேன். ஆனால் வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடிக்காதீர்கள்.

நம் பென்ஷனுக்கு, விலைவாசிக்குத் தகுந்தபடி ஏறுகிற பஞ்சப்படி கிடையாது. 2014-இல் 1,000 ரூபாய் என்று வைத்த குறைந்தபட்சத் தொகை, பத்து வருஷம் தாண்டியும் அப்படியே நின்றது. முப்பது வருஷம் உழைத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு மாதம் 7,000 தேறாது. வாடகையோ வருஷா வருஷம் ஏறும். ஆகவே இன்றைக்குக் கட்டுப்படியாகிற வீடு போதாது. எழுபத்தைந்து வயதிலும் அங்கே காலம் தள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும்.

முதலில் பெரியாஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திருச்சியில் அது புத்தூரில். உறையூரிலிருந்து பக்கம். ஊருக்கு வெளியே புது நகர்களில் ஆயிரம் ரூபாய் குறைவாக வீடு கிடைக்கும், உண்மைதான். ராத்திரி நெஞ்சு வலித்தால் ஆட்டோவுக்கு எங்கே போவது? மாதாமாதம் பிரஷர், சுகர் மாத்திரைக்கு எத்தனை பஸ் மாறுவது? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். குடிபோனதும் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

வீடு தரைத்தளமாக இருக்கட்டும். மாடிப்படி ஏற முடியாமல் வெளியே வருவதையே விட்டுவிட்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை.

அப்புறம், கரண்ட் மீட்டர். அட்வான்ஸ் கொடுக்கும் முன் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நீங்களும் வீட்டுக்காரரும் ஒரே இணைப்பில் இருந்து, அவர் சப்-மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால், அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. ஃபேன் மட்டும் ஓடுகிற வீட்டில் இது பெரிய காசு.

சென்னையை விட்டால் இழப்பதும் உண்டு. அறுபது தாண்டியவர்களுக்கு மாநகர் பஸ்ஸில் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்களே, அது சென்னையோடு சரி. பெண்களுக்கு மட்டும் சாதாரண டவுன் பஸ் இங்கேயும் இலவசம். ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை 2020-இல் நின்றுபோனது. சென்னை டாக்டரிடமே காட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தால், மிச்சம் பிடித்த வாடகை போகவர செலவிலேயே கரைந்துவிடும். ஆகவே பழைய மருத்துவச் சீட்டுகளை எல்லாம் கையோடு எடுத்து வந்து இங்கேயே ஒரு டாக்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பென்ஷனுக்காக வங்கிக் கணக்கை மாற்ற அவசியமில்லை. 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் எடுக்கலாம். ரேஷனும் அப்படித்தான். முகவரி மாறும் வரை இங்கத்திய கடையில் கைரேகை வைத்து வாங்கலாம். ஆதாரோடு இணைத்த கைபேசி எண்ணை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள். ஓ.டி.பி. வராமல் எல்லாமே அங்கங்கே நின்றுவிடும்.

முடிந்தால் சாமானையெல்லாம் ஏற்றும் முன், சித்திரை வைகாசியில் வந்து ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். திருச்சி வெயிலை உடம்பு தாங்குகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

வணக்கம்.