தண்ணீர்மலை ஏறினேன், கிட்னி இறங்கியது

(பினாங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். பசியாறிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். என்ன பசியாறினீர்கள் என்று கேட்கமாட்டேன். ரொட்டி சானாய் சாப்பிட்டவர்கள் முகம் வாடிவிடும்.

நான் டாக்டர் இல்லை. ஆறு வருடமாக மூன்றாம் கட்டச் சிறுநீரக நோயோடு நடமாடுகிற ஆள். முதல் தடவை அரசாங்க கிளினிக்கில் கொடுத்த இரத்தத் தாளில் ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண், 58 என்று இருந்தது. வீட்டில் தாளைக் காட்டியதும் என் மனைவி கேட்டார், "வாரத்துல எத்தனை நாளுங்க?" டயாலிசிஸைத்தான் கேட்கிறார். நம் ஆட்களுக்குக் கிட்னி என்றாலே அந்த நாற்காலிதான். அந்த எண் 15க்குக் கீழே போனால்தான் ஐந்தாம் கட்டம், டயாலிசிஸ் பேச்சு வருகிற இடம். அங்கே போகாமலே ஆயுளை முடிக்கிறவர்கள் நிறையப் பேர். ஒரு தடவை எண் குறைந்ததாலேயே நோய் என்றும் ஆகிவிடாது. மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் போகிறதா என்பதையும் கேளுங்கள். இரத்தத் தாள் நன்றாக இருக்கும், சிறுநீரில் புரதம் ஒழுகிக்கொண்டிருக்கும். இந்த நாட்டில் கிட்னி செயலிழக்க முதல் காரணம் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. வலியே இருக்காது, அதுதான் வம்பு.

சரி, தலைப்புக்கு வருகிறேன். அந்த 58ஐ 41க்கு இறக்கியது நானேதான். ஒரு தைப்பூசத்துக்கு இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறினேன். 500க்கு மேல் படி. விரதம், காலையிலிருந்து ஒரு டம்ளர் பால் மட்டும். நல்ல வெயில். பாதிப் படியில் முட்டி கெஞ்சியது. கூட வந்த மச்சான் பையைத் துழாவி டைக்லோஃபினாக் என்கிற வலி மாத்திரை ஒன்று கொடுத்தார். அன்று இரண்டு, அப்புறம் ஒரு வாரம் தினமும் இரண்டு. பிரஷருக்குப் போடும் பெரிண்டோப்ரிலும் வழக்கம்போல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று பிறகு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கிட்னியின் வடிகட்டிக்கு இரத்தம் வருகிற குழாயை வலி மாத்திரை சுருக்கிவிடும். வெளியே போகிற குழாயைப் பெரிண்டோப்ரில் தளர்த்தும். உடம்பிலோ தண்ணீர் இல்லை. வடிகட்டுவதற்கு அழுத்தம் எங்கிருந்து வரும்? பெரிண்டோப்ரில் மேல் பழி போடாதீர்கள், கிட்னியைக் காப்பாற்றுவதே அந்த வகை மாத்திரைதான். வாந்திபேதி வந்த நாளில் அதைப் போடலாமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வலி மாத்திரையை நிறுத்திய பிறகு 54 வரை ஏறியது. பழைய 58 வரவில்லை. ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் ஆசிட் எல்லாம் டைக்லோஃபினாக்கின் பங்காளிகள். இப்போது முட்டி வலித்தால் பாரசிட்டமால், தைலம்.

அடுத்தது உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "நம்ம வீட்ல உப்பே கம்மிதான்" என்று என் மனைவி அடித்துச் சொன்னார். ஒரு நாள் காலையில் எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு டீஸ்பூன் உப்பை ஒரு கிண்ணத்தில் போட்டு அடுப்பருகே வைத்தோம். அதிலிருந்து மட்டும்தான் எடுக்கலாம். சாம்பாரும் கோழிக்குழம்பும் முடிவதற்குள் கிண்ணம் காலி. இதில் கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப் (சோயா சாஸ்) எதுவும் கணக்கில் இல்லை! இப்போது புளியும் மிளகும்தான் எங்கள் குழம்பைத் தாங்குகின்றன. சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், பலவற்றில் பொட்டாசியம் இருக்கிறது, கிட்னி பழுதானால் அது இரத்தத்தில் ஏறிவிடலாம்.

பொட்டாசியம் என்றதும் வாழைப்பழத்தையும் கீரையையும் தூக்கி எறிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தால்தான் அந்தக் கட்டுப்பாடு. ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு அது தேவைப்படுவதில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கிட்னி கழுவிவிட்டதுபோல் ஆகும் என்பதும் நடக்காத காரியம்.

ஒரே ஒரு பழத்தை மட்டும் நான் தொடுவதில்லை. பெலிம்பிங், நட்சத்திரப் பழம். பழுதான கிட்னியால் அதிலுள்ள நச்சை வெளியேற்ற முடியாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்புவரை போகும். எங்கள் வீட்டுக் கொல்லையில் அந்த மரம் ஒன்று நிற்கிறது. வெட்ட மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு மாக்சிக், அந்த மலாய்க்கார அம்மாதான் கூடையோடு வந்து பறித்துப் போகிறார். அவருடைய இரத்தத் தாளை வாங்கிப் பார்த்த பிறகுதான் கேட்டைத் திறந்துவிட்டேன்.