தன்பதிவேடும் அலுவலக நாளும்
(புதிதாகப் பணியில் சேர்ந்த இளநிலை உதவியாளர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பல துறைகளிலிருந்து வந்திருக்கும் இளநிலை உதவியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நேர மேலாண்மையை அன்றாடப் பணியில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். முன்னுரிமைக் கட்டங்களைப் பற்றியும் கைப்பேசிச் செயலிகளைப் பற்றியும் நீங்கள் முன்பே கேட்டிருப்பீர்கள். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அரசு அலுவலகத்தில் ஓர் இருக்கையின் பொறுப்பை ஏற்கும் ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே ஒரு நேர மேலாண்மைக் கருவி கையில் கொடுக்கப்படுகிறது என்பதையும், அதைக் கருவி என்று சொல்லி எவரும் கொடுப்பதில்லை என்பதையும் முதலில் சொல்ல விரும்புகிறேன். அதுதான் தன்பதிவேடு.

எந்தக் கடிதம், யாரிடமிருந்து, எந்த நாளில் வந்தது. குறிப்பு எழுதி எந்த நாளில் மேலே, அதாவது மேலலுவலரின் பார்வைக்கு, வைக்கப்பட்டது. எந்த நாளில் திரும்பியது. யாருக்கு என்ன எழுதப்பட்டது. கடைசியில் எப்படி முடிந்தது என்று ஒரு தாளின் முழுப் பயணத்தையும் நாள் குறித்துச் சொல்லும் ஏடு அது. இவ்வளவு நுணுக்கமாக அமைந்த ஓர் ஏட்டைப் பலர் ஆய்வு நாள் நெருங்கும்போது மட்டுமே திறந்து, விட்டுப்போன பதிவுகளை ஒரே மூச்சில் எழுதி முடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அப்படி எழுதப்பட்ட ஏடு ஆய்வு அலுவலருக்குக் காட்டப் பயன்படலாம். இன்று எந்தக் கோப்பை முதலில் எடுப்பது என்று உங்களுக்குச் சொல்ல அதனால் முடியாது.

தபாலை வந்த அன்றே படித்துப் பதிய வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி ஒரு மனுவுக்கு 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். கேட்கப்பட்ட தகவல் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தகவல் வேறொரு அலுவலகத்தில் இருந்தால், மனுவை 5 நாள்களுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வந்த மனு பிரிக்கப்படாத தபால் கட்டிலேயே அடுத்த வியாழன் வரை கிடந்தால், அந்த 5 நாள்களும் நீங்கள் அதைப் படிப்பதற்கு முன்பே கழிந்துவிட்டன. உரிய காரணமின்றித் தாமதமானால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அது பொதுத் தகவல் அலுவலர் தம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை. மனு வந்த அன்றே கால் மணி நேரம் ஒதுக்கித் தபாலைப் படித்திருந்தால் போதும், இத்தனையும் நேர்ந்திராது.

எனவே நான் வலியுறுத்தும் பழக்கம் ஒன்றே ஒன்றுதான். தபால் உங்கள் மேசைக்கு வந்தவுடன், வேறு எந்தக் கோப்பையும் திறக்காமல், எல்லாவற்றையும் படித்து, பதிந்து, எதற்குக் கெடு இருக்கிறதோ அதன் கெடு நாளைச் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதிவிடுங்கள். மாலை 5.45-க்கு எழுவதற்கு முன் அதே ஏட்டைத் திறந்து, நாளை மேலே வைக்க வேண்டிய மூன்று, நான்கு கோப்புகளை எடுத்துத் தனியே வையுங்கள். "நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்று வைத்துக்கொண்டால் இது ஒரு வாரம்கூட நிற்காது. தபால் வருவதும் மேசையைப் பூட்டுவதும் நாள்தோறும் தவறாமல் நடப்பவை. அவற்றோடு பிணைத்துக்கொண்ட பழக்கம் நிலைத்துவிடும்.

இடையில் இருக்கும் நேரம் நம் கையில் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். அது பெரும்பாலும் உண்மைதான். மனுதாரர் நேரில் வருவார். வாட்ஸ்அப் குழுவில் "உடனடி அறிக்கை" கேட்கப்படும். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் முடிந்தால் செவ்வாய்க்கிழமை தபால் இரட்டிப்பாக வந்து சேரும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வேலையைப் பாதியில் விட்டு மற்றொன்றுக்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று காட்டினார். விட்ட இடத்தையும் அடுத்துச் செய்ய வேண்டியதையும் சுருக்கமாக எழுதி வைத்துவிட்டுப் போனால் அந்தச் சுமை குறைகிறது என்பதையும் அவர் பின்னர் மற்றோர் ஆய்வாளரோடு சேர்ந்து கண்டறிந்தார். ஆகவே கோப்பை மூடுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் "வட்டாட்சியர் அறிக்கை பார்த்தாயிற்று, புல எண் சரிபார்க்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதிச் செருகிவிட்டு எழுந்திருங்கள். திரும்பி வந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கும் வேலை மிச்சமாகும்.

ஒரு கோப்பு முடிய எத்தனை நாள் ஆகும் என்று கண்காணிப்பாளர் கேட்டால் நாம் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறோம். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இந்த இயல்பைச் சுட்டிக்காட்டி, இதே போன்ற முந்தைய வேலைகள் உண்மையில் எவ்வளவு காலம் எடுத்தன என்று பார்த்துக் கணிக்கச் சொன்னார்கள். உங்களுக்கு அந்தக் கணக்கு தன்பதிவேட்டிலேயே இருக்கிறது. சென்ற ஆண்டு வாரிசுச் சான்று தொடர்பாக வந்த கடிதங்கள் எந்த நாளில் வந்து எந்த நாளில் முடிந்தன என்று பத்துப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தால், உங்கள் ஊகத்தைவிட நம்பத்தக்க விடை கிடைக்கும். மின் அலுவலக முறைக்கு மாறிவிட்ட அலுவலகங்களில் கோப்பின் நகர்வு தானாகவே பதிவாகிறது. எனினும் திரையில் தெரியும் நிலுவைப் பட்டியலை நாள்தோறும் பார்க்கும் பழக்கத்தை எந்த மென்பொருளும் தானாக உண்டாக்கித் தராது.

கண்காணிப்பாளர்களாக இங்கே இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரிவிலுள்ளவர்களின் தன்பதிவேடுகளைக் குறித்த நாளில் தவறாமல் பாருங்கள். அப்போது குற்றம் கண்டுபிடிப்பதைவிட, எந்தக் கோப்பு எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று கேட்பதற்கே அதிக நேரம் கொடுங்கள். ஏட்டைக் காட்டினால் திட்டுத்தான் கிடைக்கும் என்று அஞ்சுபவர் நிலுவையை மறைக்கவே கற்றுக்கொள்வார்.

கடைசியாக, பணிமாறுதல் வரும் நாளைப் பற்றி. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மூதாட்டிக்கு இருக்கையில் ஆள் மாறியது தெரியாது. நிலுவைப் பட்டியலை ஒப்படைக்கும்போது கோப்புகளை அடையாளம் காட்டும் ந.க. எண்களை மட்டும் எழுதாமல், ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்து என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம்.