சாய்ந்த மரத்தை எடுக்காத ஊர்
(பேராவூரணி வட்டாரத்தில், மழைக்காலத்துக்கு முந்தைய ஊர்க்கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், மண்வெட்டி பிடிக்கப்போகிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறக்கப்போகிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல் நம் பக்கத்தை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று ஓர் இரவில் ஓய்ந்துவிட்டது. அது போட்டுவிட்டுப் போன குப்பை வருஷக்கணக்கில் நம்மை வதைத்தது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது ஞாபகம் இருக்கும். அதில் 600 மரத்துக்கு. 500 வெட்டி அப்புறப்படுத்துவதற்கு. அந்த 500 எதற்காகத் தனியாகப் பிரிக்கப்பட்டது என்று யோசிக்க அன்றைக்கு யாருக்கும் தெம்பில்லை. வட்டாரம் முழுக்க ஒரே நாளில் தோப்பு படுத்துக்கிடந்தது. ரம்பத்துக்கு ஆள் இல்லை, ஜேசிபிக்குக் காத்திருக்க வேண்டும், வாடகை கட்டுப்படியாகவில்லை. அதனால் எத்தனையோ தோப்புகளில் அடிமரம் விழுந்த இடத்திலேயே கிடந்து, மழையில் ஊறி உளுத்தது.

உளுத்த தென்னைமரம் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. அப்படி ஒரு கட்டையைக் கோடாலியால் பிளந்து பாருங்கள். உள்ளே எல்லாம் மாவாக உதிரும். அந்த மாவுக்குள் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். தலை மட்டும் பழுப்பாக இருக்கும். அது வண்டாகிப் பறந்துபோய், நாம் கடன்வாங்கி நட்ட புதுக் கன்றின் குருத்தைத்தான் துளைக்கிறது. மட்டை விரியும்போது ஓலையில் முக்கோணம் முக்கோணமாக வெட்டு தெரிந்தால், வண்டு உள்ளே போய் வந்துவிட்டது என்று பொருள். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அத்தனை வருஷக் காத்திருப்பையும் ஒரு வண்டு ஒரே வாரத்தில் வீணாக்கிவிடும் என்றால், பக்கத்துத் தோப்பில் கிடக்கும் கட்டை அவர் பாடு என்று நாம் போக முடியுமா? வண்டுக்கு வரப்பு தெரியாது.

ஆகவே இந்த முறை மரம் சாய்ந்தால், வழியைத் திறந்த கையோடு கட்டையைப் பற்றியும் முடிவெடுத்துவிட வேண்டும். துண்டுபோட்டு, பிளந்து, வெயிலில் காயவைத்தால் விறகாகும், காளவாசலுக்குப் போகும். பழைய கட்டை இன்னும் கிடந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்கிவிட்டு, மிச்சப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து விடுங்கள். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பானையில் ஊற்றித் தோப்பில் வைத்தால் வண்டு தானாக வந்து விழும்.

கரண்ட் விஷயம். கஜாவில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து, இடுப்பளவு சேற்றில் கம்பம் தூக்கினார்கள். அவர்களை நினைத்துக்கொண்டு ஒன்று கேட்கிறேன். வீட்டில் ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்கள் மெயின் சுவிட்சை அணைக்காமல் ஓட்டாதீர்கள். உங்கள் வீட்டுக் கரண்ட் பின்னோக்கி லைனில் ஏறும். செத்த கம்பி என்று நம்பி மேலே தொடுகிற பிள்ளையின் உயிர் அதில் போய்விடும்.

புயல் அன்று இன்னொன்று. புயலின் கண் நம் தலைக்கு மேல் வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். முடிந்தது என்று எண்ணி மாட்டைப் பார்க்க, ஓட்டைப் பார்க்க வெளியே வராதீர்கள். வடக்கே இருந்து அடித்த காற்று தெற்கே இருந்து திரும்பி அடிக்கும். ஏற்கெனவே ஆட்டம் கண்ட மரமும் கூரையும் அப்போதுதான் விழும். ஓட்டு வீட்டிலும் கீற்று வீட்டிலும் இருப்பவர்கள் முந்தின மாலையே பள்ளிக்கூடத்துக்கோ பாதுகாப்பு மையத்துக்கோ வந்துவிட வேண்டும். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், மாத்திரை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வடிகால் வாய்க்காலில் இறங்குகிறோம். காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கின்றன. வேலையைக் கீழ்க்கடைசியிலிருந்து தொடங்குவோம். தண்ணீர் வெளியேறுகிற வாயைத் திறக்காமல் மேலே வெட்டினால், வெட்டியதெல்லாம் மிதந்துபோய் மதகை அடைத்துக்கொள்ளும். வெட்டியதைக் கரையிலும் குவிக்கக்கூடாது, முதல் மழையிலேயே திரும்ப உள்ளே வந்துவிடும். டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் ஒரு நடை ஓட்டித் தாருங்கள், டீசல் செலவு ஊர்ப் பொதுவில் போகட்டும். காலை ஆறு மணிக்கு மதகடியில் கூடுவோம். பூட்ஸ் இல்லாதவர்கள் கரையில் நின்று வாங்கிப்போடும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டையையும் கையை விட்டுப் புரட்ட வேண்டாம், அடியில் விரியன் இருக்கும். கம்பால் தட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் புரட்டுங்கள்.