பட்டினி கிடந்த சுண்டெலி: டக்ளஸ் கோல்மனின் ஆய்வு வாழ்க்கை

அனைவருக்கும் வணக்கம்.

குண்டாக இருப்பவரைப் பார்த்தால் ஊரில் என்ன சொல்வார்கள்? “வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்” என்பார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் மருத்துவர்களில் பலரும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள். அந்தப் பேச்சை ஆட்டம் காணவைத்த டக்ளஸ் கோல்மனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

1931இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். படித்தது உயிர்வேதியியல். 1958இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஓரிரு ஆண்டுகள் இருந்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்பதுதான் எண்ணம். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டார். அவரை அங்கே பிடித்து நிறுத்தியவை சுண்டெலிகள்.

அந்த ஆய்வகத்தில் இரண்டு விசித்திரமான சுண்டெலி வகைகள் தோன்றியிருந்தன. ஒன்று 1949இல் கண்டறியப்பட்டது. சாதாரண எலியைப்போல மூன்று மடங்கு எடை, ஓயாத பசி. அதற்கு ‘ஓபி’ என்று பெயர். மற்றொன்று 1960களின் நடுவில் தென்பட்டது. அதே பருமன், கூடவே கடுமையான சர்க்கரை நோய். அது ‘டிபி’. இரண்டுக்கும் மரபணுக் கோளாறுதான் காரணம், ஆனால் மரபணுக்கள் வேறு வேறு.

இந்தச் சர்க்கரை நோய் இரத்தத்தின் வழியாக இன்னொரு எலிக்குப் போகிறதா என்று பார்க்க நினைத்தார் கோல்மன். டிபி எலி ஒன்றையும் சாதாரண எலி ஒன்றையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தார். தையல் ஆறும்போது இரண்டுக்கும் நடுவே நுண்ணிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து, ஒன்றின் இரத்தம் மற்றதற்குள் போய்வரும். கேட்கவே கொடூரமாக இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை.

நடந்தது வேறு. நன்றாக இருந்த எலி சாப்பாட்டைத் தொடவே இல்லை. அதன் இரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போனது, கடைசியில் செத்தே போனது. அறுத்துப் பார்த்தால் வயிறு காலி. பக்கத்தில் ஒட்டியிருந்த டிபி எலியோ தின்று கொழுத்துக்கொண்டே இருந்தது. அறுவையில் ஏதோ பிழை என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். கோல்மன் ஒதுக்கவில்லை, திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். முடிவு மாறவில்லை. டிபி எலியின் இரத்தத்தில் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் பொருள் ஒன்று அபரிமிதமாக ஓடுகிறது, ஆனால் அது டிபியின் காதில் மட்டும் விழவில்லை என்று ஊகித்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை வியக்க வைப்பது. ஓபியையும் டிபியையும் சேர்த்துத் தைத்தார். இப்போது ஓபி பட்டினி கிடந்து செத்தது. சாதாரண எலியோடு ஓபியைச் சேர்த்தபோது ஓபி குறைவாகத் தின்றது, எடை ஏறுவது மட்டுப்பட்டது. அப்படியானால் ஓபிக்குச் சொன்னால் கேட்கிறது, சொல்லும் பொருளைத்தான் அதனால் சுரக்க முடியவில்லை. டிபிக்குப் பொருள் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிதான் பழுது. 1973இல் இதை எழுதி வெளியிட்டார். அந்தப் பொருள் எது என்றே தெரியாமல், எலிகளின் பசியை வைத்தே ஒரு ஹார்மோனையும் அதன் ஏற்பியையும் பிரித்துச் சொல்லிவிட்டார். பருமன் என்பது நடத்தைக் கோளாறு என்று நம்பியவர்கள் அப்போதும் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை.

இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1994இல், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு ஓபி மரபணுவைக் கண்டுபிடித்தது. அது உருவாக்கும் ஹார்மோன்தான் லெப்டின். சுரப்பது எது தெரியுமா? கொழுப்புத் திசு! வெறும் சேமிப்புக் கிடங்கு என்று நினைத்திருந்த கொழுப்பு, மூளையோடு பேசும் உறுப்பாக மாறிப்போனது. மறு ஆண்டே ஏற்பியும் கிடைத்தது. பழுது டிபி எலியின் ஏற்பியில்தான் இருந்தது. கோல்மன் சொன்னது அப்படியே சரி. 2010இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருதைக் கோல்மனும் ஃப்ரீட்மனும் பகிர்ந்துகொண்டார்கள்.

மனிதருக்கும் இது உண்டா? 1997இல் இங்கிலாந்தில் இரண்டு குழந்தைகளின் இரத்தத்தில் லெப்டின் கிட்டத்தட்ட இல்லை என்று தெரிந்தது. எட்டு வயதுச் சிறுமிக்கு 86 கிலோ, அவளுடைய உறவுக்காரச் சிறுவனுக்கு இரண்டு வயதிலேயே 29 கிலோ. எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்காத குழந்தைகள். அந்தப் பெற்றோர் எத்தனை ஏச்சு கேட்டிருப்பார்கள்! சிறுமிக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். பசி தணிந்தது, ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. லெப்டினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உடலில் போதிய கொழுப்பு சேர்ந்துவிட்டது என்று அது மூளைக்குத் தெரிவித்தால்தான் பூப்பு முறையாக நடக்கும். ஓபி எலிகள் குட்டி போடாததற்கும் காரணம் இதுவே.

சரி, எல்லாருக்கும் லெப்டின் ஊசி போட்டால் எடை குறையுமா என்று கேட்பீர்கள். குறையாது. பருமனான பெரும்பாலோரின் உடலில் லெப்டின் ஏற்கெனவே அதிகம், மூளைதான் அதற்குச் சரியாக இணங்குவதில்லை. லெப்டின் மருந்தால் பயன் அடைகிறவர்களில் இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. தோலுக்கடியில் கொழுப்பே தங்காத அரிய நோய் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு லெப்டின் சுரக்க இடமே இல்லாததால் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேரும், கடுமையான சர்க்கரை நோய் வரும். அவர்களுக்கான லெப்டின் மருந்துக்கு அமெரிக்காவில் 2014 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. அப்போது கோல்மன் உயிரோடு இருந்தார். அந்த ஏப்ரலில்தான் காலமானார்.