'டாவின்சி கோட்' வாசகர்களைச் சண்டைக்கு இழுத்த ஒரே ஒரு பக்கம்

[திரையில்: இரவு, லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடு]

வணக்கம். டான் பிரவுன் எழுதி 2003இல் வந்த 'டாவின்சி கோட்' நாவல் எதில் தொடங்குகிறது என்று கேட்டால், லூவரில் நடக்கும் கொலையில் என்பீர்கள். இல்லை. அதற்கு முன்னால் ஒரு பக்கம் இருக்கிறது. பலர் புரட்டிவிட்டுப் போன பக்கம். அதன் தலைப்பு 'உண்மை'.

சியோன் மடம் (Priory of Sion) என்ற ரகசியச் சங்கம் 1099இல் தொடங்கியது, அதன் ஆவணங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் கிடைத்தன, இந்த நாவலில் வரும் ஓவியங்கள், கட்டடங்கள், ஆவணங்கள், ரகசியச் சடங்குகள் பற்றிய விவரிப்பு எல்லாமே துல்லியமானது என்று அதில் சொல்லியிருப்பார்கள். முதல் தடவை படித்தபோது நானும் நம்பினேன்.

[திரையில்: வேகமாகப் புரளும் பக்கங்கள்]

புத்தகம் பிடித்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: கீழே வைக்க முடியவில்லை. நூற்றுக்கும் மேல் அத்தியாயங்கள், பல இரண்டு மூன்று பக்கம்தான். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் சரியான இடத்தில் 'தொடரும்' போடுவார்களே, அதே வித்தை. நடை சுமார், பாத்திரங்கள் அட்டை பொம்மைகள் என்று திட்டியவர்களும் விடிய விடியப் படித்துவிட்டுத்தான் திட்டினார்கள்.

ஆனால் உண்மையான கோபம் நடை மீது இல்லை. வெறும் கதை என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். 'உண்மை' என்று எழுதிவிட்டுக் காதில் பூச்சுற்றினால்?

[திரையில்: பழைய தட்டச்சுத் தாள்கள்]

அந்தச் சியோன் மடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பதிவு செய்தவர் பியர் பிளாந்தார் என்ற பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1956! தன்னைப் பழைய பிரெஞ்சு அரச வம்சத்து வாரிசாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர். போலி ஆவணங்கள் தயாரித்து, 1960களில் அந்த நூலகத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆக, ஆவணம் நூலகத்தில் இருப்பது நிஜம். ஆவணத்தில் இருப்பது பொய்.

பாரிஸின் சான் சுல்பீஸ் தேவாலயத்துக்குப் புத்தகமும் கையுமாகக் கூட்டம் வந்தது. தரையில் ஓடும் பித்தளைக் கோடு நாவலில் ரகசியக் குறி. நிஜத்தில் அது ஈஸ்டர் தேதியைக் கணிக்க 18ஆம் நூற்றாண்டில் அமைத்த வானியல் கருவியின் பகுதி. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துப்போய், தேவாலயம் ஒரு அறிவிப்பையே மாட்டிவிட்டது: ஜன்னலில் உள்ள P, S என்ற இரண்டு எழுத்துகள் எங்கள் புனிதர்களான பீட்டரையும் சுல்பீசையும் குறிக்கின்றன, கற்பனைச் சங்கத்தை அல்ல.

இயேசுவுக்கு மணவாழ்க்கை இருந்தது என்ற கதைக்கரு கிறிஸ்தவ வாசகர்களைக் காயப்படுத்தியது. இந்தப் புத்தகத்தை வாங்காதீர்கள், படிக்காதீர்கள் என்று 2005இல் கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால் பெர்த்தோனே சொன்னார். அடுத்த ஆண்டு படம் வந்தபோது தமிழ்நாடு அரசு தடை போட்டது, சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

[திரையில்: லண்டன் நீதிமன்றம்]

சரி, எனக்கு மிகவும் பிடித்த வாசகர்களிடம் வருவோம். மைக்கேல் பெய்ஜென்ட், ரிச்சர்ட் லீ. இயேசுவின் மணவாழ்க்கை பற்றிய இதே கருத்தை 1982இலேயே வரலாறு என்று சொல்லிப் புத்தகம் போட்டவர்கள். எங்கள் சரக்கை டான் பிரவுன் திருடிவிட்டார் என்று நாவலின் பதிப்பகத்தின் மீது வழக்குப் போட்டார்கள். வேடிக்கை பாருங்கள், வரலாறு என்றால் அது யாருடைய சொத்தும் இல்லை. எங்கள் கற்பனை என்று சொல்லவோ அவர்களுக்கு வாய் வராது. 2006 ஏப்ரலில் தோற்றார்கள்.

தீர்ப்பு எழுதிய நீதிபதி பீட்டர் ஸ்மித்தும் நாவலைப் படித்தவர்தானே. தீர்ப்பில் அங்கங்கே சில எழுத்துகள் மட்டும் சாய்ந்து நின்றன. அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தார்கள். கூட்டிப் பார்த்தால் ரகசியக் குறியீடு! ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்து அவிழ்த்தார். விடையில் இருந்தது ஜாக்கி ஃபிஷர் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியும் 'டிரெட்நாட்' போர்க்கப்பலும். நாவலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நீதிபதிக்குக் கப்பற்படை வரலாறு என்றால் உயிராம்.